பூட்டிவைத்த 26 வினாடிகள்

1963 நவம்பர் 23, சனிக்கிழமை காலை. அமெரிக்காவின் டாலஸ் நகரில், பெண்களுக்கான ஆடைகள் தயாரிக்கும் ஒரு சிறு நிறுவனத்தின் அலுவலக நடையில் செய்தியாளர்கள் நெருக்கியடித்து நின்றார்கள். உள்ளே, நிறுவனத்தின் உரிமையாளர் ஆபிரகாம் ஜாப்ருடர் தாம் எடுத்த படத்தை ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். முந்தைய நாள் பகல் 12.30 மணிக்கு அதிபர் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டதை முழுமையாகவும் தெளிவாகவும் பிடித்த கேமரா அவருடையதுதான்.

லைஃப் வார இதழின் லாஸ் ஏஞ்சல்ஸ் அலுவலகத் தலைவர் ரிச்சர்ட் ஸ்டாலி எல்லோரையும் முந்திக்கொண்டார். இரவே தொலைபேசிப் புத்தகத்தைப் புரட்டி எண்ணைத் தேடிப் பேசியிருந்தார். ஒன்பது மணிக்கு வரச் சொன்ன இடத்துக்கு எட்டு மணிக்கே போய் நின்றார். அச்சில் வெளியிடும் உரிமைக்கு 50,000 டாலர் என்று பேசி முடித்து, மூலச்சுருளை வாங்கிக்கொண்டு பின்வாசல் வழியாக வெளியேறினார். அதன்பின் அந்தப் படம் அமெரிக்கத் தேசியத் தொலைக்காட்சியில் ஓடுவதற்கு 11 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

ஒரு நாட்டின் தலைவர் பட்டப்பகலில் நடுத்தெருவில் கொல்லப்படும் காட்சி யாருக்குச் சொந்தம்? லைஃப் தன் நடத்தையால் இதற்குச் சொன்ன பதிலில் பாதி கண்ணியம், பாதி பேராசை. இரண்டும் ஒரே உறையில் போட்டு ஒட்டப்பட்டதால் அந்தக் கண்ணியத்தைப் பாராட்டவும் முடியவில்லை, பேராசையைச் சரியாகக் கண்டிக்கவும் முடியவில்லை. கையில் கேமரா இல்லாத ஆளே இல்லாத இந்தக் காலத்தில், அந்த உறையைப் பிரித்துப் பார்ப்பது பத்திரிகைக்காரர்களுக்கு மட்டும் உரிய வேலை அல்ல.

படம் எடுத்தவரிடமிருந்து தொடங்குவோம். இன்றைய உக்ரைனில் உள்ள கோவல் நகரில், அது ரஷ்யப் பேரரசின் பகுதியாக இருந்த காலத்தில், 1905ஆம் ஆண்டு ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர் ஜாப்ருடர். பதின்பருவத்தில் அமெரிக்கா வந்து, தையல் தொழிலில் படிப்படியாக முன்னேறியவர். கென்னடியை மிகவும் நேசித்தவர். அன்று காலை மழை பெய்ததால் கேமராவை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தார். வானம் வெளுத்ததும் அலுவலகச் செயலாளர் வற்புறுத்தியதால் திரும்பப் போய் எடுத்துவந்தார். அதிபரின் கார் கடந்துபோகவிருந்த டீலி பிளாசாவில் நான்கடி உயரக் கான்கிரீட் மேடை ஒன்றின்மேல் ஏறி நின்றார். உயரத்தில் நின்றால் அவருக்குத் தலைசுற்றும் என்பதால் அலுவலக வரவேற்பாளர் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார். பெல் அண்ட் ஹோவெல் நிறுவனத்தின் எட்டு மில்லிமீட்டர் கேமரா அது. குழந்தைகளின் பிறந்தநாளை எடுக்க வீடுகளில் வாங்கி வைத்திருப்பார்களே, அந்த ரகம். வினாடிக்கு 18.3 ஃபிரேம் வேகத்தில் ஓடி, 26 வினாடிகளுக்குச் சற்று மேல் மொத்தம் 486 ஃபிரேம்களைப் பதிந்தது. குண்டுச் சத்தம் கேட்டும் அவர் கேமராவை இறக்கவில்லை.

அடுத்த சில மணி நேரத்தில் ஜாப்ருடர் செய்தவை கவனிக்கத்தக்கவை. படச்சுருளை எங்கே கழுவுவது என்று புலனாய்வு அதிகாரியையும் உடன் வைத்துக்கொண்டே அலைந்தார். தொலைக்காட்சி நிலையத்தில் அதற்கு வசதி இல்லை. கோடாக் ஆய்வகத்தில் கழுவி, வேறொரு கூடத்தில் மூன்று பிரதிகள் எடுத்து, அதில் இரண்டை அன்றிரவே ரகசியக் காவல் படையிடம் ஒப்படைத்தார். முதலில் விசாரணைக்கு, பிறகுதான் விற்பனைக்கு என்ற வரிசையை அவருக்கு யாரும் கற்றுத்தரவில்லை. இன்றைக்கு அந்த வரிசை தலைகீழாகக் கிடக்கிறது.

அன்றிரவு அவருக்கு ஒரு கனவு. நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில், ஒரு கொட்டகைக்கு வெளியே நின்று ஒருவன் அதிபர் சாவதைப் பார்க்க வாருங்கள் என்று கூவிக்கூவி ஆள் சேர்க்கிறான். அந்தக் கனவை அவர் ஸ்டாலியிடம் சொன்னார். படத்தைக் கண்ணியமாகக் கையாள வேண்டும் என்பது அவர் விடாமல் வைத்த நிபந்தனை. ஆனால் பணமும் வேண்டியிருந்தது. நடுத்தர வயதைக் கடந்த ஒரு வியாபாரி, குடும்பத்தின் எதிர்காலத்தை நினைத்தார். திங்கட்கிழமை, கென்னடியின் இறுதி ஊர்வல நாளன்று, ஓடும் படத்தின் உரிமையும் சேர்த்து மொத்தம் 1,50,000 டாலருக்கு, ஆறு தவணைகளாக, ஒப்பந்தம் எழுதப்பட்டது. முதல் தவணையான 25,000 டாலரை, கென்னடி இறந்த அதே நாளில் கொல்லப்பட்ட காவலர் டிப்பிட்டின் மனைவிக்குச் சேரும்படி கொடுத்துவிட்டார். ஒரு யூதர் அதிபரின் சாவில் காசு பார்த்தார் என்று ஊர் பேசும் என்ற அச்சமும் அதன் பின்னால் இருந்தது. 1964 ஜூலையில், கொலையை விசாரித்த வாரன் ஆணையத்தின் முன் சாட்சி சொன்னபோது அந்த 25,000 டாலரை மட்டும்தான் சொன்னார். மீதியைச் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது அவருடைய பிழை என்றே கொள்வோம். ஆனால் அந்தக் கனவு வந்தது அவருக்கு மட்டும்தான். வாங்கியவர்களுக்கு வந்ததாகச் செய்தி இல்லை.

லைஃப் செய்ததில் பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிடுவோம். நவம்பர் 29 தேதியிட்ட இதழ், கல்லூரிக் கால்பந்து வீரர் ரோஜர் ஸ்டாபாக்கின் படத்தை அட்டையில் தாங்கி ஏற்கெனவே அச்சேறிக்கொண்டிருந்தது. எந்திரங்களை நிறுத்தி, சிகாகோவில் இரவு பகலாக உட்கார்ந்து புதிய இதழை உருவாக்கினார்கள். ஏறத்தாழ முப்பது ஃபிரேம்களைத் தேர்ந்தெடுத்துக் கறுப்பு வெள்ளையில் போட்டார்கள். தலையில் குண்டு பாயும் 313ஆவது ஃபிரேமைப் போடவில்லை. ஒரு மனைவியின் மடியில் கணவன் சாய்ந்து சாகும் நொடியை லட்சக்கணக்கான வீடுகளின் கூடத்து மேசையில் கொண்டுபோய்ப் போடக் கூடாது என்ற முடிவு சரியானது. போட்டியாளர்கள் அந்தப் படத்தை அப்படியே போட்டிருப்பார்களா என்றால், தெரியாது. அதே வார இறுதியில், ஞாயிற்றுக்கிழமை பகலில், குற்றம் சாட்டப்பட்ட ஆஸ்வால்டைக் காவல்துறையின் கட்டடத்துக்குள்ளேயே ஜாக் ரூபி சுட்டுக் கொன்றதை என்பிசி தொலைக்காட்சி நேரலையில் நாட்டுக்கே காட்டியிருந்தது. பார்த்தவர்கள் யாரும் அதைப் பார்ப்பதாக முடிவெடுத்து உட்கார்ந்தவர்கள் அல்லர்.

கதை இங்கே திரும்புகிறது. ஓடும் படத்தை வாங்கியது, லைஃப் வெளியீட்டாளர் சி.டி.ஜாக்சன் அதைப் பார்த்து அதிர்ந்து, பொதுமக்கள் கண்ணில் இது படக் கூடாது என்று நினைத்ததால்தான் என்று ஸ்டாலி பிற்காலத்தில் சொன்னார். அப்படியே வைத்துக்கொள்வோம். கண்ணில் படக் கூடாது என்பது ஒரு நியாயம். ஆராய்பவர் கையிலும் படக் கூடாது என்றால் அதற்கு வேறு பெயர் உண்டு. லைஃப் இரண்டுக்கும் ஒரே பூட்டைப் போட்டது.

விளைவுகள் உடனே தொடங்கின. படத்தை ஒருமுறை பார்க்க வாய்த்த சிபிஎஸ் செய்தியாளர் டான் ராதர், நினைவிலிருந்தே தொலைக்காட்சியில் விவரித்தார். அதிபரின் தலை பலமாக முன்னோக்கிச் சென்றதாகச் சொன்னார். படத்தில் ஒரு கணம் லேசாக முன்னே அசைந்து, பின்பு வேகமாகப் பின்னால் போகிறது. வேண்டுமென்றே பொய் சொன்னார் என்று நாம் சொல்லவில்லை. அவசரத்தில் பார்த்தார், அவசரத்தில் சொன்னார். திருத்துவதற்கு யாரிடமும் படம் இல்லை. வாரன் ஆணையம் 26 தொகுதிகளில் சாட்சியங்களை வெளியிட்டபோது, 18ஆவது தொகுதியில் 171 முதல் 334 வரையுள்ள ஃபிரேம்களை மங்கலான கறுப்பு வெள்ளையில் அச்சிட்டது. அதில் 314, 315 ஆகிய இரண்டும் இடம் மாறிப்போயிருந்தன. அச்சுப் பிழை என்று எஃப்பிஐ இயக்குநர் ஹூவர் 1965இல் ஒப்புக்கொண்டார். 208 முதல் 211 வரையிலான ஃபிரேம்கள் அந்தத் தொகுதியில் இல்லவே இல்லை, ஏனென்றால் லைஃப் ஆய்வகத்தில் மூலச்சுருள் அறுந்து அவை பாழாகியிருந்தன. பிரதிகளில் பத்திரமாக இருந்த அந்த ஃபிரேம்களை லைஃப் 1967இல்தான் வெளியிட்டது. தலை எந்தப் பக்கம் அசைந்தது என்பதுதான் சுட்டவர் ஒருவரா பலரா என்ற வாதத்தின் அச்சாணி. அந்த இடத்திலேயே இரண்டு ஃபிரேம்கள் மாறிக்கிடந்தால், வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவலைக் கொடுத்த கதைதான்.

1964 அக்டோபர் 2 இதழில் வாரன் அறிக்கை பற்றி லைஃப் எழுதியபோது, அந்த ஒரே இதழ் ஒன்றுக்கு மேற்பட்ட வடிவங்களில் வெளிவந்தது. சில பிரதிகளில் ஒரு ஃபிரேம், சில பிரதிகளில் வேறொன்று, கீழே வேறு விளக்கவரி. அச்சு நடந்துகொண்டிருக்கும்போதே பக்கங்களை மாற்றியிருக்கிறார்கள். அந்த இதழில் கட்டுரை எழுதியவர் ஆணையத்தின் உறுப்பினரான ஜெரால்டு ஃபோர்டு, பிற்காலத்தில் நாட்டின் அதிபரானவர். தீர்ப்புச் சொன்னவரே விமர்சகராக வந்து எழுதுகிறார், சான்றுப்பொருள் பத்திரிகையின் பெட்டகத்தில் கிடக்கிறது. இந்த ஏற்பாட்டைச் சாதாரண வாசகன் என்னவென்று புரிந்துகொள்வான்?

1966 நவம்பர் இதழ் இதைவிட விசித்திரம். காரில் அதிபருக்கு முன் அமர்ந்து குண்டடி பட்ட டெக்ஸாஸ் ஆளுநர் கானலியை அழைத்து, ஃபிரேம் ஃபிரேமாக ஆராயச் சொன்னது லைஃப். இருவரையும் ஒரே குண்டுதான் துளைத்தது என்ற ஆணையத்தின் முடிவை அவர் ஏற்கவில்லை. ஐயம் இருக்கிறது, மறுவிசாரணை வேண்டும் என்று இதழ் கோரியது. நல்ல கோரிக்கைதான். கோரியவரின் கையில்தான் படம் இருந்தது. அதை மட்டும் திறந்துவிட மனம் வரவில்லை.

அந்த மறுஆய்வுக்கு உதவ லைஃப் அமர்த்திக்கொண்டவர்களில் ஒருவர் ஜோசையா தாம்சன், ஒரு கல்லூரியில் தத்துவம் கற்பித்தவர். ஃபிரேம்களைத் தாமே ரகசியமாகப் படம் எடுத்துக்கொண்டு 1967இல் ஒரு நூல் எழுதினார். புத்தக லாபம் முழுவதையும் தந்துவிடுகிறோம், படங்களைப் பயன்படுத்த அனுமதியுங்கள் என்று அவருடைய பதிப்பாளர் கேட்டும், லைஃப் இதழை நடத்திய டைம் நிறுவனம் மறுத்தது. ஓவியரை வைத்து ஃபிரேம்களைக் கரிக்கோட்டு ஓவியங்களாக வரைந்து நூலில் சேர்த்தார்கள். நிறுவனம் வழக்குப் போட்டது. 1968இல் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம், பதிப்புரிமை லைஃபுக்கு உண்டு, ஆனாலும் இந்தக் கொலை பற்றி மக்கள் முழுத் தகவலையும் பெறுவது பொதுநலன், ஆகவே இந்த ஓவியங்கள் நியாயமான பயன்பாடே என்று தீர்ப்பளித்தது. உடைமையையும் மறுக்காமல், அறியும் உரிமையையும் விடாமல் நீதிபதி பிடித்த அந்த நடுவழியை அன்றே லைஃப் தானாகப் பிடித்திருக்கலாம்.

பிடிக்காததால் படம் வேறு வழியில் கசிந்தது. 1969இல் நியூ ஆர்லியன்ஸ் அரசு வழக்கறிஞர் ஜிம் கேரிசன், கென்னடி கொலைச் சதியில் தாம் குற்றம் சாட்டிய கிளே ஷா மீதான வழக்கில் நீதிமன்ற ஆணை மூலம் படத்தை வரவழைத்துப் பலமுறை ஓட்டினார். ஷா விடுதலையானார். ஆனால் நீதிமன்றத்துக்கு வந்த படத்திலிருந்து திருட்டுப் பிரதிகள் பெருகிக் கல்லூரி வளாகங்களில் சுற்ற ஆரம்பித்தன. பிரதிக்குப் பிரதி மங்கி, நிறம் வெளிறி, யார் எதை வெட்டினார்கள் என்றே தெரியாத நிலையில் மக்கள் அதைப் பார்த்தார்கள். ஜாப்ருடருக்குக் கனவில் வந்த கொட்டகை, லைஃப் போட்ட பூட்டின் வழியாகவே நனவாயிற்று. அவர் 1970இல் இறந்துவிட்டார்.

1975 மார்ச் 6 இரவு ஏபிசி தொலைக்காட்சியில் ஜெரால்டோ ரிவேரா அப்படிப்பட்ட ஒரு பிரதியை ஓட்டினார். அரங்கில் இருந்தவர்கள் அலறினார்கள். அடுத்த மாதமே டைம் நிறுவனம் படத்தை ஜாப்ருடர் குடும்பத்துக்கு ஒரே ஒரு டாலருக்குத் திருப்பிக் கொடுத்தது. எழுந்த கொந்தளிப்பும் அந்த ஆண்டுகளின் மற்ற அம்பலங்களும் சேர்ந்து, 1976இல் நாடாளுமன்றப் பிரதிநிதிகள் சபை தனி விசாரணைக் குழுவை அமைத்தது. கொன்ற குண்டுகளைச் சுட்டவர் ஆஸ்வால்டுதான், ஆனால் சதி இருந்திருக்கக்கூடும் என்று 1979இல் அது சொன்னது. ஒலிப்பதிவை வைத்துச் சொன்ன அந்த இரண்டாம் பகுதியை 1982இல் தேசிய அறிவியல் அகாதெமியின் குழு ஏற்கவில்லை. தலை பின்னால் போனதாலேயே முன்னாலிருந்துதான் சுட்டிருக்க வேண்டும் என்ற வாதத்தை, நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் லூயி ஆல்வரஸ் முலாம்பழங்களைச் சுட்டுப் பார்த்து ஆராய்ந்து, பின்னாலிருந்து சுட்டாலும் அப்படி அசையலாம் என்று 1976இல் எழுதினார்.

இவற்றை அடுக்குவது, யார் கொன்றார் என்ற வழக்கை இங்கே தீர்ப்பதற்காக அல்ல. ஆஸ்வால்டு தனியாகச் செய்தார் என்று நம்புகிறவர்களும் சதி என்று நம்புகிறவர்களும் அரை நூற்றாண்டுக்கு மேலாக அடித்துக்கொள்கிறார்கள். ஆனால் ஒரு விஷயத்தில் இரு தரப்புக்கும் நஷ்டம் ஒன்றே. முதல் தரப்பு தன் வாதத்தைத் திறந்த வெளியில் நிறுவ வேண்டிய ஆண்டுகளை இழந்தது. இரண்டாம் தரப்பு, தன் சந்தேகங்களில் சொத்தை எது, சத்துள்ளது எது என்று புடைத்துப் பார்க்கும் வாய்ப்பை இழந்தது. அறிவியலாளர் பழங்களைச் சுட்டுப் பார்ப்பதற்குள் சந்தேகம் வேரூன்றி மரமாகியிருந்தது. எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் இதில் உடன்பட முடியும் என்பதுதான் எங்கள் நம்பிக்கை.

அரசும் நல்ல பிள்ளை அல்ல. விசாரணைப் பிரதிகள் முதல் நாளிலிருந்தே அதனிடம் இருந்தன. மூலச்சுருளின் மதிப்பை அது உணர்ந்தது மிகத் தாமதமாக. 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த ஆவண மறுஆய்வு வாரியம், மூலச்சுருள் நாட்டுக்கே சொந்தம் என்று அறிவித்தது. குடும்பத்துக்கு என்ன இழப்பீடு என்பது நடுவர் மன்றம் போயிற்று. 1999இல் தீர்ப்பு: 1 கோடியே 60 லட்சம் டாலர். வினாடிக்குக் கிட்டத்தட்ட 6 லட்சம் டாலர். தொடக்கத்திலேயே பேசி முடித்திருந்தால் அரசுக் கருவூலத்துக்கு இதில் மிகச் சிறு பங்குகூட ஆகியிருக்காது. குடும்பம் பதிப்புரிமையை டாலஸில் உள்ள ஆறாம் மாடி அருங்காட்சியகத்துக்குக் கொடையாக அளித்தது. இன்னொரு சுருளின் கதி இன்னும் மோசம். ஜாப்ருடர் நின்ற இடத்துக்கு எதிர்ப்புறமிருந்து ஆர்வில் நிக்ஸ் எடுத்த படத்தை யுபிஐ செய்தி நிறுவனம் 5,000 டாலருக்கு வாங்கியது. அதன் மூலச்சுருள் இப்போது எங்கே என்று யாருக்கும் தெரியாது.

தமிழ் வாசகர்களுக்கு இது தொலைதூரச் செய்தி அல்ல. 1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியுடன் இறந்தவர்களில் ஒரு புகைப்படக்காரரும் இருந்தார். அவரை அழைத்து வந்தவர்கள் சதிகாரர்களே என்பது புலனாய்வின் முடிவு. அவர் இறந்தார், கேமரா பிழைத்தது. மாலையோடு காத்திருந்த பெண்ணின் படம் சில நாள்களிலேயே நாளிதழில் வெளியாயிற்று. விசாரணைக்குக் கிடைத்த முதல் பெரிய பிடி அந்தச் சுருள்தான். நமக்குத் தெரிந்த அளவில், உரிய நேரத்தில் உரியவர் கைக்குப் போன ஒரு படத்துக்கு அதைவிட நல்ல எடுத்துக்காட்டு சொல்வது கடினம்.

இன்று பூட்டு என்ற பிரச்சினையே இல்லாமல் போய்விட்டது போலத் தோன்றும். 2025 செப்டம்பர் 10 அன்று யூட்டா மாநிலத்தில் ஒரு பல்கலைக்கழக வளாகக் கூட்டத்தில் வலதுசாரி அரசியல் செயற்பாட்டாளர் சார்லி கிர்க் சுட்டுக் கொல்லப்பட்டார். எதிரே அமர்ந்திருந்தவர்களின் செல்பேசிகள் எடுத்த காணொளிகள் சில நிமிடங்களில் உலகம் முழுக்கப் பரவின. தானாக ஓடும் காணொளி என்பதால், தேடாதவர்களும் குழந்தைகளும்கூடப் பார்த்தார்கள். 313ஆவது ஃபிரேமைப் போடலாமா என்று ஒரு ஆசிரியர் குழு இரவெல்லாம் யோசித்த காலம் போய், யோசிக்க ஆளே இல்லாத காலம் வந்துவிட்டது. எல்லாம் லைஃப் என்ற ஒருவர் கையில் மட்டுமே இருந்தது தவறு. இப்போது எவர் கையிலும் பொறுப்பு இல்லை. அதுவும் அதே அளவு தவறு. அன்று படம் கிடைக்காததால் வதந்தி வளர்ந்தது. இன்று படம் வெட்டியும் ஒட்டியும் மெதுவாக்கியும் நூறு வடிவங்களில் கிடைப்பதால் வளர்கிறது.

என்ன செய்யலாம்? எடுத்தவரிடம் கேட்பது சிறிதுதான். மூலக்கோப்பை அழிக்காமல், வெட்டாமல், முதலில் விசாரிப்பவரிடம் ஒரு பிரதியைக் கொடுத்துவிடுங்கள். அந்த ஆடைத் தயாரிப்பாளர் அன்று செய்தது அதுதான், அதுவும் அழுதுகொண்டே செய்தார். விசாரிப்பவரிடம் கேட்பது இன்னும் கூடுதல். வாங்கிய கோப்புக்கு ரசீது கொடுங்கள். வழக்கு முடிந்தபின் நிபுணரும் ஆய்வாளரும் கேட்டால் எடுத்துக் காட்டும்படி ஆவணக் காப்பகத்தில் சேருங்கள். எங்கோ ஒரு காவல் நிலைய அலமாரியில் பென்டிரைவ் தொலைந்துபோவது பத்திரிகையின் பெட்டகத்தைவிட எந்த விதத்தில் மேல்? பார்ப்பவர்களாகிய நாமும் தப்ப முடியாது. செத்துக்கொண்டிருக்கும் ஒருவரின் காணொளியைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பகிரும் ஒவ்வொரு விரலும் அந்த டைம்ஸ் சதுக்கக் கொட்டகைக்கு வெளியே நின்று கூவுகிற விரல்தான். விசாரணைக்கு உதவ வேண்டும் என்றால் அனுப்ப வேண்டிய இடம் வேறு.

ஊடகங்களிடம், எங்களையும் சேர்த்தே, கேட்க வேண்டியது ஒப்பந்தத்தைப் பற்றி. எடுத்தவருக்குப் பணம் கொடுப்பதில் தவறில்லை. அவருடைய உழைப்புக்கும் அதிர்ச்சிக்கும் விலை உண்டு. ஆனால் வெளியிடும் உரிமையை மட்டும் வாங்குங்கள். மற்றவர்கள் ஆராய்வதைத் தடுக்கும் உரிமையை வாங்காதீர்கள். எந்தப் பகுதியை விட்டீர்கள், ஏன் விட்டீர்கள் என்று படத்தின் கீழேயே இரண்டு வரி எழுதுங்கள். 1963இல் லைஃப் அந்த இரண்டு வரியை எழுதி, கூடவே ஒரு முழுப் பிரதியைத் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு அனுப்பியிருந்தால், 313ஆவது ஃபிரேமை மறைத்த இதழ் என்ற பெயர் அதற்கு வந்திராது. பத்திரிகை ஆசிரியர் சங்கங்களும் காட்சி ஊடக அமைப்புகளும் இப்படியொரு மாதிரி ஒப்பந்தத்தை எழுதி வைத்துக்கொள்ள அடுத்த கொலை நடக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.